வீட்டு வேலையை நானே பார்க்கட்டுமா, ஆள் வைக்கட்டுமா?

கேள்வி இதுதான். மதுரையில் அப்பா கட்டிய வீடு, 18 வருடம் ஆகிறது, தரைத்தளம் மட்டும், 1000 சதுர அடி. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது, ஹால் சுவரில் பெயிண்ட் உரிகிறது, மழை பெய்தால் படுக்கையறை சீலிங்கில் ஈரம் இறங்குகிறது, சமையலறையில் இன்னும் இரண்டு பிளக் பாயிண்ட் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு கான்ட்ராக்டர் இரண்டே கால் லட்சம் சொல்லியிருக்கிறார். "வீடியோ பார்த்து நானே செய்தால் பாதிப் பணம் மிச்சமாகாதா?" என்று கேட்கிறீர்கள்.

நான் திருச்சியில் 23 வருடமாக ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்திருப்பவன். கொத்தனாரும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் செல்போனில் வீடியோவைக் காட்டி "இந்தச் சாமான் குடுங்க" என்று வாங்கிப் போகிறவரையும், ஞாயிறு மதியம் "அண்ணே, கடை திறந்திருக்கா?" என்று பதறிப்போய் போன் பண்ணுகிறவரையும், திங்கட்கிழமை காலை அதே வீட்டு வேலைக்காகச் சாமான் வாங்க வரும் பிளம்பரையும் இந்தக் கவுண்டரில் நின்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல நேரம் முதல் இருவரும் ஒரே ஆள்தான்.

முதலில் ஒன்று. கூலி எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு உதைக்கும். வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் தானே டைல்ஸ் ஒட்டுகிறார் என்றால் அங்கே ஆள் கூலி அப்படி. இங்கே டைல்ஸ் வெட்டும் மெஷின், ரசமட்டம், பற்கரண்டி எல்லாம் வாங்கும் காசுக்கு ஆளே வந்து ஒட்டிவிட்டுப் போவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்த வேலையில் தப்பு நடந்தால் அது எனக்கு எப்போது தெரியும்? பெயிண்ட் சரியில்லை என்றால் மறுநாளே கண்ணில் படும், திரும்ப அடித்துக்கொள்ளலாம். சுவருக்குள் போன பைப்பில் ஜாயிண்ட் சரியில்லை என்றால் டைல்ஸ் ஒட்டி, கிரவுட் போட்டு, பாத்ரூம் பளபளவென்று ஆகி, எட்டு மாதம் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் உப்புப் பூக்கும்போதுதான் தெரியும். கரண்ட்டில் தப்பு என்றால் சில சமயம் தெரிந்துகொள்ள ஆளே இருக்க மாட்டார். தப்பு உடனே வெளியே தெரிகிற வேலையை நீங்கள் தாராளமாகச் செய்யுங்கள். தப்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் வேலைக்கு ஆள் வையுங்கள், அதிலும் மூடும் முன் நீங்களே கண்ணால் பாருங்கள்.

இதை வைத்து உங்கள் நான்கு வேலைகளையும் பார்ப்போம்.

பெயிண்ட். உங்கள் பட்டியலில் கை வைக்க ஏற்ற வேலை இதுதான். இது நமக்குப் புதிதும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டோடு எல்லோரும் சேர்ந்து கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, துளி நீலம் கலந்து, மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி வெள்ளையடித்தவர்கள்தானே நாம். நடுவில்தான் "பெயின்டரைக் கூப்பிடு" என்று ஆகிவிட்டது.

ஆனால் ரோலரை எடுக்கும் முன்னால், ஏன் உரிகிறது என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை மட்டும் உரிந்து, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தால் அது ஓதம், அதாவது சுவருக்குள் ஊறி நிற்கும் ஈரம். அதன்மேல் என்ன விலை பெயிண்ட் அடித்தாலும் அடுத்த கார்த்திகைக்குள் மறுபடி உரியும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அப்போது பெயிண்டுக்கு முன்னால் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: பாத்ரூமா, வெளியே இருக்கும் மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்து நிற்கிறதா, மழைநீர்க் குழாய் அங்கே ஊற்றுகிறதா. உள்பக்கம் காய்ந்திருந்தால் பழைய பூச்சு வயதாகி உரிகிறது, அவ்வளவுதான், தைரியமாக ஆரம்பிக்கலாம்.

10க்கு 12 அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 390, 400 வரும். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 60 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஆறரை ஏழு லிட்டர் போதும். சுவரைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். கடையில் "ஒரு ரூமுக்குப் பத்து லிட்டர் வாளி எடுத்துக்கோங்க" என்றால் நம்பாதீர்கள். நானே சொல்லியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பெயிண்ட் அடிப்பதில் அடிப்பது சின்ன வேலை. சுரண்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, தூசி துடைப்பது, பிரைமர் அடிப்பது, இவைதான் முக்கால்வாசி. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பட்டி இரண்டு மெல்லிய கோட்டாகப் போக வேண்டும், ஒரே கோட்டில் தடியாக அப்பினால் வெடிக்கும். உப்புத்தாள் போட்டதும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பெயின்டர்கள் ட்யூப்லைட்டைக் கழற்றி இப்படிப் பிடித்துப் பார்ப்பார்கள். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம், பட்டித் தூள் நெஞ்சில் போய் உட்காரும். இரண்டு பேர் இரண்டு நாளில் முடிக்கும் அறை உங்களுக்கு மூன்று சனி ஞாயிறு எடுக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டோர் ரூமில் பழகிவிட்டு அப்புறம் ஹாலுக்கு வாருங்கள். வெளிச்சுவர் வேண்டாம். சாரம் கட்டி ஏறுவது பழக்கம் உள்ளவர்கள் வேலை.

அடுத்தது குழாய். சொட்டுவது எங்கிருந்து என்பதில்தான் விஷயம். குழாயின் வாயிலிருந்து சொட்டினால் பழைய திருகு மாடலில் வாஷர் தேய்ந்திருக்கும், அரைச்சுற்றிலோ கால்சுற்றிலோ திறக்கும் புதிய மாடலில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் போயிருக்கும். இரண்டும் நீங்களே மாற்றலாம். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், போட்டோ காட்டாதீர்கள், பல் எண்ணிக்கை மாறினால் சேராது. தண்ணீர் குறைவாக வந்தால் பல நேரம் குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் உப்பு அடைத்திருக்கும். கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுக் காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், குழாயே மாற்ற வேண்டியதில்லை. ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் வீணாகிறதா என்று பார்க்க, டேங்குக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது, அதுவும் நாமே மாற்றுகிற சாமான்தான்.

சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் கசிந்தால் கை வைக்காதீர்கள். ஏன் என்று என் கதையைச் சொல்கிறேன்.

என் வீட்டில் பாத்ரூம் குழாய் ஒன்றை மாற்ற நினைத்தேன். கடைக்காரன் வீட்டுக்குப் பிளம்பரா என்று ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, சாப்பிட்டு முடித்த தெம்பு. பழைய குழாய் வரவில்லை, பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகினேன். குழாய் வந்தது, கூடவே சுவருக்குள் பைப் வளையும் இடத்தில் இருந்த எல்போவும் மளுக் என்று உடைந்தது. தண்ணீர் டைல்ஸுக்குப் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் பீச்சுகிறது. மாடிக்கு ஓடினேன். டேங்க் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வைத் திருகுகிறேன், சக்கரம் சும்மா சுற்றுகிறது, உள்ளே எதுவும் அசையவில்லை. போர் தண்ணீர் உப்பு பத்து வருடமாக அதை இறுக்கி வைத்திருந்தது. ஆயிரம் லிட்டர் டேங்க் முழுக்கக் காலியாகும் வரை நானும் என் மனைவியும் பக்கெட்டும் கோணிச்சாக்கும் கையுமாக நின்றோம். மறுநாள் எல்போ மாற்ற இரண்டு டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. அந்த டிசைன் எங்கேயும் கிடைக்கவில்லை, என் சரக்கிலும் இல்லை. இன்றைக்கும் அந்த பாத்ரூமில் இரண்டு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் இருக்கின்றன. 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரத்துச் சொச்சம் செலவு.

சரி, அது போகட்டும். டெஃப்லான் டேப் சுற்றும்போது மரையைப் பார்த்து வலப்பக்கமாக, அதாவது குழாயை முடுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முடுக்க முடுக்க டேப் பிரிந்து வரும். கையால் முடிந்தவரை முடுக்கிவிட்டு ஸ்பேனரில் கடைசி ஒரு சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் மரையில் அதிகம் முடுக்கினால் அன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதம் கழித்து விரிசல் விடும்.

மூன்றாவது கரண்ட். சமையலறையில் இரண்டு பாயிண்ட் சேர்ப்பது சின்ன வேலை போலத் தெரிகிறது, பக்கத்து சுவிட்ச் பாக்ஸிலிருந்து இரண்டு வயர் இழுத்தால் முடிந்தது என்று வீடியோவில் காட்டுவார்கள். 18 வருட வீட்டில் அந்தப் பாக்ஸுக்கு வந்திருப்பது லைட், ஃபேனுக்கான 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருக்கும். நீங்கள் அதில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுவீர்கள். 2000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே யாராவது கெட்டிலைப் போடுவார்கள். வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டுக் கரண்ட் எல்லாம் பிரிந்து போகும் டி.பி. பாக்ஸிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் லைன், லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. அதற்குத் தனியாக, 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், இப்படித்தான் அது வர வேண்டும். அதற்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேண்டும்.

அவர் வரும்போது இன்னொரு வேலையும் கேளுங்கள். உங்கள் டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? 18 வருடத்துக்கு முந்தைய பல வீடுகளில் இல்லை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகும் ஆர்.சி.சி.பி.தான் ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றுகிற சாமான். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கட் ஆக வேண்டும். இரண்டே கால் லட்சத்தில் உங்கள் கான்ட்ராக்டர் இதைச் சேர்க்காவிட்டால் வேறு எதையாவது குறைத்து இதைச் சேர்க்கச் சொல்வேன்.

அப்படியானால் கரண்ட் பக்கமே போகக் கூடாதா என்றால், பல்பு, ஃபேன் கெப்பாசிட்டர் வரை போகலாம். என் கடைக்கு வரும் கணக்கு டீச்சர் ஒருவர், அறுபதை நெருங்குபவர், வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அவரே ஏணி போட்டு 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றிவிடுவார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மெயினை அணைத்தபின் முதலில் இன்வெர்ட்டரை அணைப்பார், ஓரிரு நிமிடம் விடுவார், அப்புறம் டெஸ்டர் வைப்பார், அதற்கு முன்னால் அதே டெஸ்டரை கரண்ட் இருந்தபோது ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்திருப்பார். நம் ஊரில் பாதி ஷாக் அந்த இன்வெர்ட்டரால்தான் என்பது என் எண்ணம். மெயினை அணைத்தாலும் ஃபேன் லைனில் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

சுவரில் துளை போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். ட்ரில்லிங் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கலாம், 13 மில்லிமீட்டர் ஹேமர் வகை போதும். ஆனால் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே போடாதீர்கள், வயர் போகும் பைப் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். குளியலறைச் சுவரில் குழாய்க்கு நேர் மேலும் கீழும் அப்படித்தான்.

கடைசியாக மாடி. இங்கேதான் உங்கள் காசு அதிகம் போகப் போகிறது, தேவையில்லாமலும் போகலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சீலிங்கில் ஈரம் என்றதும் எல்லோரும் "வாட்டர் ப்ரூஃபிங்" என்பார்கள். முதலில் ஒரு மாதம் கவனியுங்கள். மழையே இல்லாத சித்திரையிலும் அந்த இடம் ஈரமாக இருந்தால் அது மழையின் வேலை இல்லை, மாடி டேங்க்கோ அதன் பைப்போ கசிகிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் வந்தால் மாடிக்கு ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்த மழைநீர்க் குழாய் வாய், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டின் இடுக்குகளில் உதிர்ந்துபோன சிமெண்ட், என் அனுபவத்தில் பெரும்பாலான ஒழுகல் இந்த மூன்றில் ஒன்றுதான். முதலாவதற்கு ஒரு கம்பியும் கையும் போதும், செலவே இல்லை.

இடுக்குகளும் மயிரிழை விரிசல்களும் மட்டும் என்றால் நீங்களே செய்யலாம். கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலைக் கிராக் ஃபில்லரால் அடைத்து, மூலைகளில் ஃபைபர் வலை வைத்து, வாட்டர் ப்ரூஃப் கோட்டிங்கில் முதல் கோட் கிழக்கு மேற்காக, அது காய்ந்தபின் இரண்டாவது கோட் தெற்கு வடக்காக. உச்சி வெயிலில் செய்யாதீர்கள், தளம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், கோட்டிங் ஒட்டுவதற்கு முன்பே காய்ந்து பொரிந்துவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரை, காலை ஒன்பது மணிக்குள். ஐப்பசி மழை தொடங்கியபின் என் கடைக்கு ஓடி வருகிறவர்களுக்கு நான் விற்கிறேன்தான், ஆனால் ஈரத் தளத்தில் அது நிற்காது என்று சொல்லித்தான் விற்கிறேன்.

கொத்தனார் ஒருவர் வந்து "பழசு அப்படியே இருக்கட்டும் சார், மேலே இரண்டு இஞ்ச் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றால் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் கலவை ஏறக்குறைய 5 கிலோ. 1000 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 10 டன். டைல்ஸ் இல்லாமல். உங்கள் தலைக்கு மேல் ஒரு லாரி லோடு நிரந்தரமாக நிற்கப் போகிறது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் போடுவது வேறு, அதன் மேலேயே ஏற்றுவது வேறு.

இன்னொன்று. படுக்கையறை சீலிங்கை ஒரு கம்பின் நுனியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டால் பரவாயில்லை. பொதபொதவென்று கேட்டாலோ, பூச்சு விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ நீங்களும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. கீழேயிருந்து பூச்சு பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் அழகாகத்தான் இருக்கும், துரு உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீங்களும் செய்யக் கூடாது, ஆளையும் இறக்கக் கூடாது என்று ஒரு வேலை இருக்கிறது: செப்டிக் டேங்க். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைட் மூச்சை அடைக்கும், முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவார். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இதில் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. "ஐநூறு ரூபாய் சேர்த்துக் குடுத்தா இறங்குவாரு" என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் லாரியை வரச் சொல்லுங்கள். பல நாள் மூடிக்கிடந்த தண்ணீர் சம்ப்பும், புதிதாகக் கட்டி சென்டரிங் பலகை பிரிக்காத சம்ப்பும் இதே ஆபத்துதான், உள்ளே ஆக்சிஜன் இருக்காது. சம்ப்பின் மூடியைத் திறந்து நெடுநேரம் விட்டுவிடுவது மட்டும் போதாது, வெளியிலிருந்து ஃபேனோ புளோயரோ வைத்துக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். இத்தனையும் முடியாது என்றால் இறங்காதீர்கள்.

இனி, ஆள் வைப்பதைப் பற்றி. இதற்கும் நீங்களே செய்வதைப் போலவே உழைப்பு வேண்டும், வேறு மாதிரி உழைப்பு.

அந்த இரண்டே கால் லட்சத்தை வேலை வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், சாமான் தனி, கூலி தனி. பிரித்துத் தர மாட்டேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பிரித்தவுடன் பெயிண்டிங்கில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அறைகளும் குழாய் வேலையும் கழிந்துவிடும், மிச்சம் என்ன என்று தெரியும். பெயிண்டிங்குக்குச் சதுர அடி ரேட் பேசினால், ஜன்னல் கதவைக் கழித்தா கழிக்காமலா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். கடைசி நாள் சண்டையில் பாதி இதில்தான்.

சாமானை முடிந்தால் நீங்கள் வாங்குங்கள். என் தொழில் ரகசியத்தை நானே உடைக்கிறேன்: பெயிண்ட் வாளிக்குள் பெயின்டருக்கென்று காசாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் இருக்கும், இப்போது பலவற்றில் போனில் ஸ்கேன் செய்யும் க்யூ.ஆர். கோடாக வருகிறது. பட்டி மூட்டையிலும் உண்டு. அதுபோக ஆளைக் கூட்டி வந்த மேஸ்திரிக்குக் கடைக்காரர் ஏதாவது கொடுப்பார், நானும் கொடுத்திருக்கிறேன். இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை, அவர்கள் வருமானத்தில் அதுவும் ஒரு பகுதி. ஆனால் "இந்தக் கம்பெனி பட்டிதான் சார் நல்லா இருக்கும்" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நீங்களே வாங்கும்போது டோக்கனை வேலை செய்கிறவரிடமே கொடுத்துவிடுங்கள், வேலையில் வித்தியாசம் தெரியும்.

எனக்கு எரிச்சல் தரும் காட்சி ஒன்று உண்டு. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷவர் செட்டை விலையே கேட்காமல் வாங்குகிறவர், அதை மாட்ட வந்தவரிடம் நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுவார். கூலியில் அடித்தால் அந்த மனிதர் நேரத்தில் அடிப்பார். எங்கள் பக்கம் கொத்தனார் கூலி இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அது அதிகம் என்று தோன்றினால் மே மாத வெயிலில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் தட்டோடு பெயர்த்துப் பாருங்கள்.

ஆள் நல்லவரா என்று விசாரிக்கும்போது, போன மாதம் வேலை செய்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள், போன மாத வேலை எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மாடி வேலைக்கு முழுப் பணத்தையும் முடித்த அன்றே கொடுக்காதீர்கள், கொஞ்சத்தை முதல் பெரிய மழை பெய்யும் வரை நிறுத்தி வைப்பேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாணயமான ஆள் முகம் சுளிப்பார், ஆனால் ஒப்புக்கொள்வார்.

சுவருக்குள் போகும் எதையும், பைப்போ வயரோ, பூசி மூடும் முன் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்திலேயே தெரிய வேண்டும். அஞ்சு வருடம் கழித்து ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். பைப் லைன் என்றால் மூடும் முன் தண்ணீர் விட்டு ஓர் இரவாவது நிற்கட்டும். "டெஸ்ட் எல்லாம் வேண்டாம் சார், நான் இருக்கேன்" என்பார்கள். அவர் இருப்பார், போனைத்தான் எடுக்க மாட்டார்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து "வீடியோவில் இப்படிக் காட்டினாங்களே" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லாதீர்கள். டீ கொடுங்கள், சந்தேகம் இருந்தால் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள், நான் கற்றதெல்லாம் அப்படித்தான். அடுத்த தடவை அந்த வேலையில் பாதி உங்களுக்கே வரும்.

மரவேலையை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 18 வருட வீட்டில் மழைக்காலத்தில் ஏதோ ஒரு கதவு பிடிக்கும், பந்தயம் கட்டுகிறேன். உடனே இழைப்புளி வைத்துச் சீவிவிடாதீர்கள். முதலில் மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் நீளமான திருகு போட்டாலே சரியாகிவிடும். உண்மையிலேயே மரம் ஊறியிருந்தால் தை பிறந்து காய்ந்தபின் சீவுங்கள். கார்த்திகையில் சீவிய கதவுக்கும் நிலைக்கும் நடுவே சித்திரையில் பல்லி போகும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஓதம் இல்லாத அறைகளின் பெயிண்டையும், குழாய் வாயில் சொட்டுவதையும், மாடியில் மழைநீர்க் குழாய், இடுக்குகள், கோட்டிங்கையும் நானே எடுத்துக்கொள்வேன். கரண்ட்டுக்கு வயர்மேன், சுவருக்குள் இருக்கும் பைப்புக்குப் பிளம்பர். சீலிங் தட்டிப் பார்த்துச் சத்தம் சரியில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதற்கு இன்ஜினீயர்.

ஆனால் எதற்கும் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போய் டேங்க் அடியில் இருக்கும் கேட் வால்வைக் கையால் மூடிப் பாருங்கள். மூடிவிட்டுக் கீழே வந்து குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அதன்மேல் பாய வேண்டாம். பிளம்பருக்குப் போன் போடுங்கள், பகலிலேயே.